ஒச்சப்பனின் வலது முட்டி

"நாப்பது நிமிசம் ஆகுமுங்க, உக்காந்துக்கங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற பெண் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒச்சப்பன், அவனுடைய வலது முட்டி, அதைப் படம் எடுக்கப்போகிற பெரிய இயந்திரம். இந்தப் பக்கம் உதவிக் கோச் சவரிநாயகம், அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஒச்சப்பனின் செல்போன், பெல்ட், கல்யாண மோதிரம், வெள்ளி அரைஞாண். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம். ஆறரை அடி உயர மனுஷன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் இடுப்பில் அரைஞாண் கட்டிக்கொண்டு திரிகிறான். கழற்றச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் கூச்சப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கழற்றினான், "பத்திரம் மாஸ்டர், ஆத்தா போட்டுவிட்டது" என்று இவர் கையில் கொடுத்தான், கொடுத்துவிட்டுச் சிரித்தான். எதற்குத்தான் சிரிப்பானோ. வாழ்க்கையில் ஒரு நாளாவது இவன் முகத்தைத் தொங்கப்போட்டுப் பார்த்ததில்லை. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகுகூட மற்றவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் பஸ்ஸில் பரோட்டா எந்த ஊரில் நன்றாக இருக்கும் என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டு வருவான். சவரிநாயகத்துக்கு அது பிடிக்காது. கவலைப்படாதவனைப் பார்த்தால் கவலைப்படுகிறவனுக்கு வருகிற எரிச்சல் அது, வேறொன்றும் இல்லை. மணி மூன்று ஐம்பது. ஐந்து மணிக்குள் அரையிறுதிக்கான ஆட்டக்காரர் பட்டியல் லீக்குக்குப் போயாக வேண்டும். காலையில் அணியின் கோச் வேதாசலம் சார் ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "சவரி, உன் ஆளைக் கூட்டிட்டுப் போய் முட்டியை ஒரு ஸ்கேன் பார்த்துடு. அஞ்சுக்குள்ள எனக்கு ஒரு போன். ரிப்போர்ட் எல்லாம் நாளைக்கு வரட்டும், உன் வார்த்தை போதும்." உன் வார்த்தை போதும். இருபத்தைந்து வருஷமாக யாருக்கும் போதாத வார்த்தை, இன்றைக்கு மட்டும் போதும்.

போதுமென்றால், என்னவென்று சொல்வது? நொய்யல் ஃபால்கன்ஸ் அணிக்கு இந்த வருஷம் சுக்கிர திசை. லீக் ஆரம்பிக்கும்போது ஒரு பயலும் மதிக்கவில்லை, கோயம்புத்தூர்க்காரன் பம்ப்செட் செய்வான், கூடைப்பந்து எங்கே ஆடுவான் என்று டி.வி.யில் உட்கார்ந்து சிரித்தார்கள். இப்போது புள்ளிப் பட்டியலில் இரண்டாவது இடம், சனிக்கிழமை அரையிறுதி, எதிரே சென்னை. சென்னைக்கு ஒரு நைஜீரியா சென்டர் இருக்கிறான், கூடைக்குக் கீழே போய் நின்றுவிட்டால் நகர்த்த கிரேன் வேண்டும். நமக்கு இருந்த ஒரே சென்டர் ஜோபின் போன ஞாயிற்றுக்கிழமை கணுக்காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறான். ஆக ஒரு இடம், ஆள் இரண்டு. ஒருத்தன் பஞ்சாப் பையன் குர்தேஜ். இருபத்துமூன்று வயது, ஆறடி பதினொன்று. நேற்று பயிற்சிக்கு வந்து ஒரு பந்தை மேலிருந்து வளையத்துக்குள் குத்தினான் பாருங்கள், சின்ன முதலாளி கேலரியிலிருந்து எழுந்து நின்று விசில் அடித்தார். விசில் அடிக்கிறவருக்கு என்ன தெரியும்? அதற்கப்புறம் பத்து ஃப்ரீ த்ரோவில் நாலுதான் விழுந்தது என்பதை யார் எண்ணினார்கள்? சவரிதான் எண்ணினார். பந்தைத் தட்டிக் கொண்டுவருகிற கார்டு பக்கத்தில் வரும்போது அவனுக்காக எங்கே போய் நிற்பது, எந்தத் தோளைக் காட்டுவது, ஒன்றும் தெரியவில்லை, கேலரியில் எவன் தன்னைப் பார்க்கிறான் என்று பார்க்கிறான். இன்னொருத்தன் உள்ளே படுத்திருக்கிறவன். ஆறடி ஆறுதான். குத்தமாட்டான், குதிக்கமாட்டான், பேப்பரில் படம் வராது. ஆனால் ஒச்சப்பன் ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். இடுப்பைக் கொடுத்து ஆளைப் பின்னால் தள்ளி, பந்து வளையத்தில் பட்டுத் திரும்புகிற இடத்தில் முன்னாடியே போய்க் காத்திருப்பான், வருகிற பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் காத்திருக்கிற மாதிரி. அந்த நைஜீரியாக்காரனை இருபது நிமிஷம் வெளியே தள்ளி நிறுத்த இந்தத் தேசத்திலேயே நாலு பேர்தான் உண்டு, அதில் ஒருத்தன் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருக்கிறான். இது ஆட்டம் தெரிந்தவனுக்கு ஐந்து நிமிஷ யோசனை. சந்தேகமே வேண்டாம், ஒச்சப்பன்தான். போனை எடுத்து, சார், நம்ம ஆளையே போடுங்க என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

போகலாம்தான். மடியில் கனம் இல்லாதவன் போகலாம். வந்தவுடன் கீழே ஒரு படிவம் கொடுத்தார்கள், பெயர், ஊர், வயது. ஒச்சப்பன் பேனாவை வாங்கி முப்பது என்று எழுதினான். நிறுத்தி யோசிக்கவில்லை, இவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவு பழகிவிட்டது. அவனுக்கு முப்பத்துமூன்று. அது காகிதத்தில் முப்பதான கதை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும், அவன், அவன் ஆத்தா, சவரிநாயகம். ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பதினாறு, பதினேழு வருஷத்துக்கு முன்னால் இவர் உத்தமபாளையத்தில் ஸ்கூல் மாஸ்டர். வெயிலில் ஒரு பையன் ஆட்டுக்குட்டியை வேலிக்கு மேலாகக் கையை நீட்டித் தூக்கி எடுத்தான், இவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். உயரம் இருந்தது, கை நீளம் இருந்தது, வயதுதான் கொஞ்சம் முந்திப் போய்விட்டது. பதினாறு வயதுக்குள்ளான மாநிலப் போட்டி, பையனுக்குப் பதினேழு நடக்கிறது. தமிழ்நாட்டில் உயரமாகப் பிறந்த பையன்களுக்குப் பிறந்தநாள் இரண்டு, ஒன்று தாய் பெற்றது, இன்னொன்று மாஸ்டர் பெற்றது. எல்லோரும் செய்தார்கள். செய்யாதவன் டீம் முதல் சுற்றிலேயே பெட்டி கட்டியது. தாலுகா ஆபீசுக்கு ஒரு மத்தியானம் கூட்டிக்கொண்டு போய், பிறப்பைப் பதியவே இல்லை என்று மனு எழுதி, மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டார். வெளியே வந்து சர்பத் வாங்கிக் கொடுத்தபோது அந்தப் பையன் கேட்டான்: "அப்ப எனக்கு மூணு வருசம் கூட ஆயுசா மாஸ்டர்?" கேட்டுவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது ஒரு டாக்டர் பார்க்கப்போகிறார். காகிதம் பொய் சொல்லும், முட்டி சொல்லுமா? முப்பது வயசுக்கு இவ்வளவு தேய்மானமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். யார் கொடுத்த சர்டிபிகேட், யார் கூட்டி வந்த ஆள், ஓ, உதவிக் கோச்சா, அவருடைய பழைய மாணவனா. வேதாசலம் சார் இந்த சீசனோடு சரி, பேரனைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போகிறார். அடுத்த வருஷம் அந்த நாற்காலிக்கு இரண்டு பெயர் பேசுகிறார்கள், ஒன்று வெளியூர் ஆள், இன்னொன்று சவரிநாயகம். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தன் முதல்முறையாக ஒரு பட்டியலில் இருக்கிறான்.

உள்ளே சத்தம் ஆரம்பித்தது. தட் தட் தட் என்று முதலில், அப்புறம் ஈயப் பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி நீளமாக ஒன்று, அப்புறம் அமைதி, அப்புறம் மறுபடி தட் தட். சுவர் வழியாக வந்து நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. எதிர் வரிசையில் ஒரு அம்மாள் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து, டி.வி.யில் யாரோ கத்தரிக்காயை வதக்குவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏ.சி. குளிர் முழங்கையில் பிடித்தது. தட் தட் தட். எத்தனை என்று எண்ணினார், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார், எண்ணுவது அவருக்குப் பழக்கம், ஓட்டம் எண்ணி, படிக்கட்டு எண்ணி, இடது கையால் தினமும் ஐந்நூறு டிரிப்ளிங் எண்ணி. இடது கை. இந்த இடது கையை எங்கேயாவது விட்டுவிட்டு வர முடிந்தால் தேவலை. இருபத்துமூன்று வயதில் சென்னையில் மாநில அணிக்கான முகாம், இருபத்துநாலு நாள். பதினெட்டு பேரில் பன்னிரண்டு பேர் போக வேண்டும், பதினொன்று எல்லோருக்கும் தெரியும், பன்னிரண்டாவது இடத்துக்கு இவரும் ஒரு புரசைவாக்கம் பையனும். இவருடைய மாஸ்டர், திண்டுக்கல்லில் பந்தைக் கையில் கொடுத்தவர், தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தார், அப்புறம் என்ன பயம் என்று இவர் ஊருக்குக் கடிதமே எழுதிவிட்டார். கடைசி நாள் ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து ஜெர்சி எடுத்து ஒவ்வொருத்தனாகக் கொடுத்தார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, வரிசையில் நிற்கிறவன் கையை நீட்ட வேண்டியது, இவரும் நீட்டினார், பெட்டி காலியாக இருந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டது இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. மாஸ்டர் அந்தப் பக்கம் வரவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொருவர் மூலமாகத் தெரிந்தது, "அவனுக்கு இடது கை வீக்" என்று குழுவில் சொன்னதே அவர்தானாம். இடது கை வீக். அதற்கு முன்னால் தனக்கு இடது கை என்று ஒன்று இருப்பதாகவே சவரி நினைத்ததில்லை, பந்து வந்தது, போட்டார். அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து ஓடிவந்து வளையத்தில் போடுகிற லே-அப் ஒன்றுகூட இடது கையால் சரியாக விழவில்லை. இன்றுவரை இடது கையால்தான் பல் தேய்க்கிறார். பெண்டாட்டிக்கு ஏன் என்று தெரியாது, ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த மாஸ்டர் செத்தபோது சவரி மாலை வாங்கிக்கொண்டு போனார், முன் வரிசையில் நின்று தூக்கினார், எல்லோரும் குரு பக்தி என்றார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது மனசுக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது, சொன்னதுதான் சொன்னீர், முகத்துக்கு நேரே சொல்லியிருக்கக் கூடாதா? அவ்வளவுதான். அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை, செத்தவரைத் திட்டக் கூடாது என்று வாயைத்தான் மூடிக்கொண்டார்.

மடியில் கவர் நடுங்கியது. ஒச்சப்பனின் போன், திரையில் பேச்சி என்று இருந்தது, அவன் பெண்டாட்டி. எடுக்காமல் விட்டிருக்கலாம். கழுத்துப் பட்டை அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பயந்து எடுத்தார். "மாஸ்டருங்களா? அவரு உள்ள போயிட்டாரா? நான் பேச்சி. சும்மாத்தேன் போட்டேன், மனசு ஒரு நெலயில நிக்கல." இவர், ஒன்றும் பயமில்லை, படம்தான் எடுக்கிறார்கள், வலிக்காது என்றார். "வலிக்கெல்லாம் பயப்பட மாட்டாரு மாஸ்டர். மூணு வாரமா நாலு மணிக்கே எந்திரிச்சு மெட்டுச் சாலையில ஓடிக்கிட்டிருக்காரு. அணியில ஒருத்தனுக்குக் காலு போச்சுன்னு கேட்டு அன்னைக்கு ராத்திரி சோறே எறங்கல, பாவம், எவம் பெத்த பிள்ளையோன்னு. மறுநா நீங்க போனு போட்டீங்க. மாஸ்டரு கூப்புட்டுட்டாருன்னு சின்னவனத் தூக்கிக்கிட்டு ஆடுறாரு, வாசல் நெல இடிக்குது தலையில." சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு தடவ, டி.வி.யில வர்ற ஆட்டத்துல ஒரே ஒரு தடவ ஆடிப்புட்டா போதுங்கறாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நம்பவே மாட்டேங்குதுகளாம், வாத்தியார் நெசமாவே ஆடுனீங்களான்னு. எனக்கென்னா மாஸ்டர் தெரியும். நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்" என்றாள். ஆமாம்மா, நான் இருக்கேன் என்றார் சவரி. சொன்ன வாய் கசந்தது. இது வேறு. ஆளாளுக்கு இவரிடம் வந்து போதும் போதும் என்கிறார்கள். எதையும் கேட்டுச் சண்டை போடாத சனங்களை என்ன செய்வது, சண்டை போட்டாலாவது திருப்பி இரண்டு வார்த்தை சொல்லலாம். மூன்று வாரமாக ஓடுகிறானாம். ஜோபின் விழுந்தது போன ஞாயிற்றுக்கிழமைதானே. அப்படியென்றால் ஆள் தேவைப்படுவதற்கு முன்னாலேயே, யாரும் கூப்பிடாமலேயே, ஏதோ ஒரு நம்பிக்கையில் விடியற்காலை மலைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். முப்பத்துமூன்று வயதில். அந்த முட்டியோடு.

எந்த முட்டியோடு? சவரிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முட்டி கெட்டுப்போயிருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஒச்சப்பன் ஒரு நாளும் வலி என்று சொன்னதில்லை, காலையில் முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பார்த்தபோது ஒரு சுணக்கம் இல்லை. தேய்ந்திருக்கும் தேய்ந்திருக்கும் என்று இவராகவே காலையிலிருந்து மனசுக்குள் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சரி, தேய்ந்திருந்தால் என்ன நடக்கும்? ஸ்கேன் சொல்லும், டாக்டர் சொல்வார், குர்தேஜ் ஆடுவான், யார் மேலும் பழி இல்லை, ஒச்சப்பன் சிரித்துக்கொண்டே போடி பஸ் ஏறுவான். அதில் பயப்பட ஒன்றுமே இல்லையே. அப்படியென்றால் மத்தியானத்திலிருந்து விடாத இந்தப் பயம் எதற்கு? தட் தட் தட் தட். நன்றாக இருந்துவிட்டால்? ஆ, அதுதான். முட்டி நன்றாக இருந்துவிட்டால்தான் பயம். நன்றாக இருந்தால் தப்பிக்க வழி இல்லை, ஆட்டம் தெரிந்தவன் என்ற முறையில் ஒச்சப்பன் பெயரைத்தான் சொல்ல வேண்டும், சொன்னால் சனிக்கிழமை அவன் இறங்குவான், இறங்கி முதல் பந்திலேயே வழுக்கி விழுந்தால் கேலரியில் சின்ன முதலாளி இவரைத்தான் திரும்பிப் பார்ப்பார். ஜெயித்தால் அதைவிட மோசம். டி.வி.யில் பேர் வரும், வயது முப்பது என்று கீழே எழுத்து ஓடும், உத்தமபாளையத்தில் கூடப் படித்த எவனாவது ஒரு பயல், என்னடா எனக்கு முப்பத்துமூணு, இவனுக்கு மட்டும் முப்பது என்று செல்போனில் தட்டிவிடுவான், ஊரில் வேலை இல்லாதவனுக்கா பஞ்சம். மறுநாள் அந்த நாற்காலி வெளியூர் ஆளுக்கு. குர்தேஜ் சொதப்பினால் யார் கேட்கப்போகிறார்கள்? சின்னப் பையன், அனுபவம் போதாது, அடுத்த வருஷம் தேறிவிடுவான் என்பார்கள், தோல்வியிலும் ஒரு மரியாதை இருக்கும். நாலு ஆட்டம் தோற்றுக் கோச் ஆனவர்கள் இல்லையா? ஜெயிக்கத் தெரிந்தும் ஜெயிக்கவிடாமல் உட்கார்ந்திருப்பவனுக்குப் பேர் என்ன? பேர் என்னவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம், சரி, ஒன்றைச் சொல்லித் தொலைத்துவிடலாம், அவருக்கு ஒச்சப்பன் மேல் பொறாமை. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் நிஜம். இவன் கையை நீட்டிய இடத்தில் எல்லாம் பெட்டியில் ஒரு ஜெர்சி இருந்திருக்கிறது. இருக்கும்படி செய்தது யார்? இவர். இவருக்கு அப்படிச் செய்ய ஒருத்தனும் இல்லை. மணி நாலு பதினேழு. ஸ்கேன் முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது. முடிந்துவிட்டால் அந்தப் பெண் வெளியே வந்து ஏதாவது சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு சொல்வது பொய், தெரிவதற்கு முன்னால் சொன்னால் அனுமானம். என்ன புத்தி! எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சிரிக்கும். ஆனால் கை சட்டைப் பையிலிருந்து போனை ஏற்கனவே எடுத்துவிட்டிருந்தது.

வேதாசலம் சார் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் பந்து தட்டுகிற சத்தம், ஷூ கிறீச்சிடுகிற சத்தம், குர்தேஜை யாரோ இந்தியில் திட்டுகிற சத்தம். "சொல்லுப்பா சவரி." சவரி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "சார், முட்டி சரியில்ல சார்." தன் குரல் இவ்வளவு நிதானமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. "சரியில்லன்னா?" "ஜவ்வு தேய்ஞ்சிருக்கு. ரெண்டு ஆட்டம் தாங்காது. அந்தப் பஞ்சாப் பையனையே போட்டுருங்க சார்." "அடடா. குர்தேஜ் நேத்து சாயங்காலமே கையெழுத்துப் போட்டாச்சேப்பா, அவனைப் பத்தி யாரு கேட்டா? நான் ரெண்டாவது இடத்துக்கில்ல உன் ஆளைக் கேட்டேன்." சவரிக்குப் புரியவில்லை. "ரெண்டாவது இடமா சார்?" "ப்ளே-ஆஃபுக்கு ரெண்டு பேர் வரைக்கும் சேர்த்துக்கலாம்னு லீக்லேருந்து போன வாரமே வந்துதே. வாட்ஸப் குரூப்ல போட்டிருந்தேனே, பார்க்கலையா நீ?" குரூப்பைச் சவரி பார்ப்பதில்லை. உதவிக் கோச்சைக் கேட்காமல் பயிற்சி நேரத்தை மாற்றிவிட்டு அதை மேனேஜர் குரூப்பில் போட்ட அன்றைக்கே, எனக்கு நேரில் சொல்ல வாய் இல்லையா என்று கோபித்துக்கொண்டு சத்தத்தை அணைத்துவைத்தவர், அப்புறம் அதைத் திறக்கவேயில்லை. அவருக்கு யார் சொன்னது ஒரு இடம் என்று? யாரும் சொல்லவில்லை. இடம் என்றால் ஒன்று, ஆள் என்றால் இரண்டு, ஒருத்தன் போனால்தான் ஒருத்தன் வரலாம், அதைத் தவிர வேறு கணக்கு அவருக்குத் தெரியாது. "நல்ல ஆளுப்பா. காலையில அவன் எதிராளியை மறிச்சு நின்னு ஸ்கிரீன் போட்ட அழகைப் பார்த்தேன், சனிக்கிழமை அவனைத்தான் முதல்ல இறக்கணும்னு இருந்தேன்," என்றார் கோச். "சின்ன முதலாளிகிட்டயும் சொல்லிவச்சேன். அவரும் அரை மனசா சரின்னாரு. ப்ச், நமக்குக் குடுப்பினை இல்ல. சரி விடு. முதலாளியோட மச்சினன் மகன் ஒருத்தன் காலேஜ்ல ஆடுறானாம், அவன் பேரைப் போட்டுடறேன், பெஞ்சுல உக்காந்துட்டுப் போகட்டும், அவருக்கும் சந்தோஷம்." இப்போது. இப்போது சொல்ல வேண்டும். சார், ஒரு நிமிஷம், ஸ்கேன் இன்னும் முடியலை, நான் அவசரப்பட்டுட்டேன். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வாக்கியம்தான், நாக்கு நுனியில் முழுசாக வந்து நின்றது. முடியாமலா தேய்மானம் சொன்னே என்று கேட்பாரே. கேட்டால் என்ன? என்ன சொல்வது? "சரி சார்," என்றார் சவரிநாயகம்.

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே ஒரு ஆட்டோக்காரர் இளநீர்க் கூட்டைத் தூக்கிப் போட்டார், அது தொட்டியில் விழாமல் வெளியே விழுந்தது, அவர் போய் எடுத்துத் திரும்பப் போட்டார். இவ்வளவு சுலபமாக ஒன்றைத் திரும்ப எடுத்துப் போடலாம். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஒரு போன். சார், டாக்டர் மறுபடி பார்த்தார், வேறு ஆள் படத்தைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லலாம், நம்புவார், நல்ல மனுஷன். நாலு இருபத்தைந்துக்குச் சொல்லலாம் என்று நினைத்தார், நாலு இருபத்தைந்து வந்தது. நாலரைக்குச் சொல்லலாம். உள்ளே சத்தம் சட்டென்று நின்றது, நின்ற பிறகுதான் அவ்வளவு நேரம் எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள். "முடிஞ்சுதுங்க சார். ரிப்போர்ட் நாளைக்குப் பெரிய டாக்டர் பார்த்துட்டுத் தருவாருங்க." இவர் கேட்டிருக்க வேண்டாம், கேட்டார். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" "நாங்க சொல்லக் கூடாதுங்க" என்றாள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இவர் முகத்தைக் கண்டு இரக்கப்பட்டிருப்பாள் போல, "பயப்படாதீங்க. காலைலேருந்து நான் எடுத்ததுல இதுதானுங்க நல்ல முட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். சவரி அங்கேயே நின்றார். மத்தியானத்திலிருந்து விடாத பயம் இப்போது போய்விட்டது, அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. ரிப்போர்ட் நாளைக்கு வரும், அணி ஆபீசுக்குப் போகும், பட்டியலில் இல்லாத ஆளின் உறையை யார் பிரிக்கப்போகிறார்கள்?

ஒச்சப்பன் தலையைக் குனிந்து கதவுக்கு வெளியே வந்தான். "ஆத்தாடி, என்னா சத்தம் மாஸ்டர், கல்லு ஒடைக்கிற எடத்துல படுத்துக் கெடந்தாப்புல இருந்துச்சு." கவரை வாங்கி மோதிரத்தைப் போட்டுக்கொண்டான், திரும்பி நின்று அரைஞாணைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "கோச் சாருக்குச் சொல்லிட்டீங்களா மாஸ்டர்?" என்று கேட்டான். "சொல்லிட்டேன்." "என்னான்னு?" முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று இருபத்துமூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அவன் திரும்புவதற்குள் சொல்லிவிட்டார். "ஜவ்வு தேய்ஞ்சிருக்காம் ஒச்சு. இந்தத் தடவ வேணாம்னுட்டாங்க." ஒச்சப்பன் அரைஞாண் முடிச்சைப் போட்டு முடித்து, சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பினான். சிரிக்கத்தான் பார்த்தான். "ரொம்பவா மாஸ்டர்?" "கொஞ்சம்." "எனக்கே தெரியும் மாஸ்டர்," என்றான் ஒச்சப்பன் மெதுவாக. "சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல. எறக்கத்துல ஓடுறப்ப ஒரு மாதிரி சுருக்குன்னு இருக்கும். நாந்தேன் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்." குனிந்து முட்டியை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தான், அமுக்கின இடத்தில் முகம் சுளித்தது. "இந்தா, இந்த எடந்தேன்." சவரி அந்த இடத்தைப் பார்த்தார், எல்லோருடைய முட்டியிலும் இருக்கிற இடம்தான். "நீங்க எனக்காக எம்புட்டோ பாத்தீங்க மாஸ்டர், நமக்குக் காலு இல்ல, என்னா செய்ய," என்று அவன் இவருக்கு ஆறுதல் சொன்னான். பிறகு தயங்கி, "பிள்ளைக கூட ஓடலாமுல்ல? பள்ளிக்கூடத்துல?" என்று கேட்டான். சவரி வாயைத் திறந்தார். "ஓடாத," என்றது வாய். "கொஞ்ச நாளைக்கு." சரி மாஸ்டர் என்று தலையாட்டினான். படிக்கட்டுக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். வலது காலை முதலில் கீழே வைத்து, அது ஊன்றியதா என்று பார்த்துவிட்டு, இடது காலை அதே படிக்கு இறக்கினான். பிறகு அடுத்த படி. மணி நாலு நாற்பது ஆகியிருந்தது, போன் சட்டைப் பையில் இருந்தது, சவரிநாயகம் அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக இறங்கினார்.